‘டிமைஸ்’ என்றொரு வினைச்சொல்

ஆங்கிலச் செய்தித்தாள்களைப் படிக்கும் பழக்கமுடைய நேயர்களுக்கு ‘டிமைஸ்’ என்னும் சொல் புதியதன்று. ஊரில் பெரியவர் ஒருவர் காலமானால், அவருடைய ‘சேட் டிமைஸ்’ குறித்து இன்ன சங்கத்தார் இரங்கல் தீர்மானம் நிறைவேற்றினர் என்று செய்தி வரும். நம் நாட்டு ஆங்கிலத்தில் ‘சேட்’ என்ற அடைமொழி துணைக்கு வராமல் இந்தச் சொல் தனியே வெளியில் புறப்படுவதே அரிது. ஆகவே டிமைஸ் என்றால் மரணம் என்பது நம்மவர் மனத்தில் ஆழமாகப் பதிந்துவிட்டது.

ஆனால் பழைய ஆங்கிலப் பத்திரம் ஒன்றை எடுத்துப் பாருங்கள். அங்கே உயிரோடும் நல்ல உடல்நலத்தோடும் அமர்ந்திருக்கும் ஒருவர், சாட்சிகள் இருவர் பார்த்துக்கொண்டிருக்க, தம்முடைய கட்டடத்தை மற்றொருவருக்கு ‘டிமைஸ்’ செய்கிறார். கையெழுத்திட்டுவிட்டு எழுந்து வீட்டுக்குச் சென்று பகலுணவும் அருந்துகிறார். இங்கே இறந்தவர் எவரும் இல்லை. சட்டத்தின் மொழியில் டிமைஸ் என்பது ஒரு வினைச்சொல். அதன் பொருள் வேறு. அந்தப் பொருளையும், அது மரணமாக மாறிய வழியையும், அச்சொல் நம் பக்கத்து மண்ணில் வந்து இறங்கியபோது நிகழ்ந்ததையும் இன்று சொல்ல எண்ணுகிறேன்.

முதலில் ஒலியைச் சரிசெய்து கொள்வோம். இது ஆசிரியத் தொழில் செய்தவனுக்கு விடாத பழக்கம். அழுத்தம் இரண்டாம் அசையின்மேல் விழவேண்டும். ஈற்றெழுத்தை நாம் ‘ஸ்’ என்று எழுதினாலும், ஒலிக்கும்போது அது வண்டின் ரீங்காரம்போல ஒலிக்கும். ‘வைஸ்’ என்று அறிஞரைக் குறிக்கிறார்களே, அதன் ஈற்றொலிதான் இதற்கும்.

இனிச் சொல்லின் பிறப்பு. இலத்தீன் மொழியில் ‘மித்தெரே’ என்றொரு வினை உண்டு. அனுப்புதல், விடுதல் என்பன அதன் பொருள். அந்த வேரிலிருந்து ஆங்கிலத்தில் முளைத்த சொற்களில் பல, ஆங்கிலம் அறியாத தமிழர் நாவிலும் நாள்தோறும் புழங்குகின்றன. மிஷன் பள்ளிக்கூடத்தில் உள்ள மிஷன் அந்த வேர்தான். பேருந்து ஓட்டப் பெறும் பெர்மிட்டும் அதுவே. வேலையிலிருந்து ஒருவரை டிஸ்மிஸ் செய்வதும், அது சரியா என்று விசாரிக்கக் கமிட்டி கூடுவதும் அதே வேரின் கிளைகள். ‘மித்தெரே’ என்பதன் முன்னே ‘அப்பால்’ எனப் பொருள்படும் முன்னொட்டைச் சேர்த்தால் ‘போகவிடுதல்’, ‘கையினின்றும் விடுதல்’ என்று பொருள் தரும் வினை கிடைக்கும். அது பழைய பிரெஞ்சு மொழியில் உருமாறி, அங்கிருந்து இங்கிலாந்து நீதிமன்றங்களுக்குள் ‘டிமைஸ்’ என்று நுழைந்தது. டிஸ்மிஸ் என்பது இதனுடன் பிறந்த உடன்பிறப்பே.

நம் மொழியில் இதற்கு நேர் நிகரான வினை ஒன்று இருப்பதை நேயர்கள் இதற்குள் கண்டுகொண்டிருப்பீர்கள். ‘விடு’ என்பதே அது. வீட்டை வாடகைக்கு விட்டான், நிலத்தைக் குத்தகைக்கு விட்டான், உயிரை விட்டான். மூன்றிலும் வினை ஒன்றே. வீடு என்னும் பெயர்ச்சொல்லே ‘விடு’ என்னும் முதனிலை நீண்டு பிறந்த தொழிற்பெயர் என்று பள்ளியில் இலக்கணம் பயின்றோம் அல்லவா? கெடு என்பது கேடு ஆனதுபோல, சுடு என்பது சூடு ஆனதுபோல, விடு என்பது வீடு ஆயிற்று. இலத்தீன்காரன் ஒரு கோடியிலும் தமிழன் ஒரு கோடியிலும் இருந்துகொண்டு, குத்தகைக்கும் சாவுக்கும் ஒரே வினையைக் கையாண்டிருக்கிறார்கள். ஒருவரைப் பார்த்து மற்றவர் எழுதியதன்று. பொருளைக் கையிலிருந்து போகவிடுதல் என்ற எண்ணம் எங்கும் ஒன்றாகவே இருக்கிறது.

இங்கிலாந்து நீதிமன்றத்தில் பிரெஞ்சுச் சொல்லுக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். 1066ஆம் ஆண்டில் நார்மண்டியிலிருந்து வந்து அந்நாட்டை வென்றவர்கள் பேசியது பிரெஞ்சு. ஆண்டவன் மொழியே வழக்காடும் மொழியாயிற்று. வாய்வழி வழக்கு ஆங்கிலத்தில் நடைபெறவேண்டும் என்று 1362ஆம் ஆண்டில் சட்டம் இயற்றியும், வழக்கறிஞர்கள் தங்கள் பிரெஞ்சை எளிதில் கைவிடவில்லை. ஏடுகளில் இலத்தீனும் நெடுங்காலம் நிலைத்தது. 1733ஆம் ஆண்டில்தான் நீதிமன்ற நடவடிக்கை முழுவதும் ஆங்கிலத்தில் இருக்கவேண்டும் என்ற சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதற்குள் பிரெஞ்சுச் சொற்கள் பத்திரங்களில் வேரோடிவிட்டன. பாமரனுக்கு ஆங்கிலச் சொல்லும் பண்டிதனுக்குப் பிரெஞ்சுச் சொல்லும் வேண்டுமென்று இரண்டையும் அடுக்கி எழுதும் வழக்கமும் ஏற்பட்டது. பழைய குத்தகைப் பத்திரத்தில் ‘டிமைஸ்’, ‘கிராண்ட்’, ‘டு ஃபார்ம் லெட்’ என்று மூன்று வினைகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். எல்லாவற்றுக்கும் பொருள் ஏறத்தாழ ஒன்றே. இவற்றுள் ‘லெட்’ என்பது ஆங்கிலேயரின் சொந்தச் சொல். அதுவும் நம் ‘விடு’தான். ‘ஃபார்ம்’ என்றவுடன் ஏரும் மாடும் நினைவுக்கு வரவேண்டாம். பழங்காலத்தில் அச்சொல் நிலையாக வரையறுத்த குத்தகைத் தொகையைக் குறித்தது. அந்தத் தொகைக்கு விடப்பட்ட நிலம் பின்னர் அப்பெயர் பெற்றது. அதில் பயிர் செய்தவன் ஃபார்மர் ஆனான். உழவனைக் குறிப்பதாக நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் ஆங்கிலச் சொல்லுக்கு அடியில் குத்தகைப் பணம் கிடக்கிறது.

இனி, பத்திரத்தில் இந்த வினை செய்யும் வேலையைக் காண்போம். டிமைஸ் செய்பவர் எழுவாய். நிலமோ கட்டடமோ செயப்படுபொருள். பெறுபவர் நான்காம் வேற்றுமையில் நிற்பார். எத்தனை ஆண்டுக்கு என்ற காலக்குறிப்பு உடன் வரும். இந்தக் காலக்குறிப்பே உயிர்நிலை. விற்பவன் முழுதும் கொடுத்துவிடுகிறான்; அவனுக்கு மீதம் ஒன்றும் இல்லை. டிமைஸ் செய்பவனோ கொடுத்தும் வைத்துக்கொள்கிறான். காலம் முடிந்தபின் சொத்து அவனிடமே திரும்பிவரும். அந்த மீளும் உரிமை அவனிடம் இருக்கிறது. ஆளும் உரிமை மட்டும் மற்றவனிடம் போயிற்று. இதனோடு ‘டிவைஸ்’ என்னும் இன்னொரு சட்ட வினையை மாணவர்கள் குழப்பிக்கொள்வதுண்டு. ஓர் எழுத்துதான் வேறுபாடு. உயில் எழுதி நிலத்தை இன்னாருக்கு என்று வைத்துச் செல்வது டிவைஸ். அதாவது, மரணத்தோடு மெய்யாகவே தொடர்புடைய வினை அது. உலகமோ அதை விட்டுவிட்டு, வாழ்கிறவனின் குத்தகைச் சொல்லைச் சாவுக்கு எடுத்துக்கொண்டது.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் தெருவில் மளிகைக் கடை வைத்திருக்கும் ஒருவர், ஆங்கிலத்தில் தட்டச்சு செய்த குத்தகைப் பத்திரத்தோடு என்னிடம் வந்தார். கையெழுத்திட்டு ஓராண்டு ஆகியிருந்தது. அதில் பக்கந்தோறும் ‘டிமைஸ்டு பிரெமிசஸ்’ என்ற தொடர். கல்லூரியில் படிக்கும் அவருடைய மகன் அகராதியைப் புரட்டி, ‘செத்துப்போன கட்டடம்’ என்று பொருள் சொல்லியிருக்கிறான். “சார், கட்டடத்தை இடிக்கப் போகிறார்களா? அதைத்தான் முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொண்டார்களா?” என்று கேட்டார் அவர். அவர் குரலில் இருந்த அச்சம் விளையாட்டன்று. முன்பணமாகக் கொடுத்தது மனைவியின் நகையை விற்ற காசு. குத்தகைக்கு விடப்பட்ட இடம் என்பதற்கு மேல் அத்தொடருக்குப் பொருள் இல்லை என்று விளக்கினேன். பிரெமிசஸ் என்ற சொல்லின் கதையும் சொன்னேன். அதுவும் மித்தெரே பெற்ற பிள்ளைதான். ‘முன்னே அனுப்பப்பட்டது’, அதாவது ‘மேலே சொல்லப்பட்டது’ என்பதே அதன் பொருள். பத்திரத்தின் தொடக்கத்தில் சொத்தை விவரித்துவிட்டு, பிறகு ஒவ்வோர் இடத்திலும் ‘மேற்படி’ என்று எழுதி எழுதி, அந்த ‘மேற்படி’ என்ற சொல்லே ஆங்கிலத்தில் கட்டடத்துக்குப் பெயராகிவிட்டது. நம் பத்திர எழுத்தர்களும் மேற்படி என்பதைச் சளைக்காமல் எழுதுகிறார்கள். ஆயினும் நாம் இன்னும் யாரையும் ‘மேற்படிக்கு வாருங்கள்’ என்று விருந்துக்கு அழைக்கத் தொடங்கவில்லை.

அந்தக் கடைக்காரருக்கு நான் சொன்ன இன்னொரு செய்தி இதனினும் பெரிது. அவர் எதைக் கண்டு அஞ்சினாரோ, அந்தச் சொல் பழைய ஆங்கிலச் சட்டத்தில் அவர் போன்றவர்களுக்குக் காவலாக நின்ற சொல். குத்தகைப் பத்திரத்தில் டிமைஸ் என்ற வினை இருந்தாலே, விடுபவர் இரண்டு வாக்குறுதிகளைக் கொடுத்ததாக நீதிமன்றம் கொள்ளும்: இதை விடுவதற்கு எனக்கு உரிமை உண்டு என்பது ஒன்று, காலம் முடியும்வரை உன் அநுபவத்துக்கு இடையூறு நேராது என்பது மற்றொன்று. அந்த வாக்குறுதிகளைத் தனியே எழுதவேண்டியதில்லை. வினைச்சொல்லின் வயிற்றுக்குள்ளேயே அவை இருந்தன. நோக்ஸ் என்பவரின் பெயரால் வழங்கும் 1599ஆம் ஆண்டு வழக்கு இதில் புகழ்பெற்றது. எட்வர்டு கோக் தம் வழக்கறிக்கைகளில் அதைப் பதிவு செய்திருக்கிறார். பத்திரத்திலேயே இதைவிடக் குறுகிய வாக்குறுதி ஒன்றை வெளிப்படையாக எழுதிவிட்டால், மறைந்து நிற்கும் பெரிய வாக்குறுதி அந்த அளவுக்குச் சுருங்கிவிடும் என்பது அவ்வழக்கில் கண்ட முடிவு. ஆகவே எழுதாமல் இருந்தவன் காப்பாற்றப்பட்டான். அரைகுறையாக எழுதி வாங்கிக்கொண்டவன் இழந்தான். இது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

அந்த வாக்குறுதியை ஆங்கிலத்தில் ‘குவயட் என்ஜாய்மென்ட்’ என்பர். கடைத்தெருவில் அமைதி ஏது, வாடகை கட்டுகிறவனுக்கு மகிழ்ச்சி ஏது என்று கேட்கவேண்டாம். இடையூறு இன்றி அநுபவித்தல் என்பதே அதன் கருத்து. நம் நாட்டில் 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 108ஆம் பிரிவில், இந்தப் பாதுகாப்பை ஒரு சொல்லின் தயவில் விடாமல் தானே கொடுத்துவிட்டது. குத்தகைதாரர் வாடகையைச் செலுத்தி ஒப்பந்தப்படி நடந்துகொண்டால், மாறாக ஒப்பந்தம் இல்லாதவரை, அவர் இடையூறின்றி அநுபவிக்கலாம் என்று அப்பிரிவு கூறுகிறது. ஆதலால் நம் பத்திரத்தில் டிமைஸ் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கடைக்காரருக்கு இழப்பில்லை. பத்திரத்தில் எந்தப் பெயரைச் சூட்டினாலும் உள்ளே இருக்கும் உரிமை எது என்பதையே பார்க்கவேண்டும் என்று நம் உச்ச நீதிமன்றமும் 1959ஆம் ஆண்டில், ஓட்டல் ஒன்றைப் பற்றிய வழக்கில், தெளிவாக்கியது.

கப்பல் வாணிகத்திலும் இவ்வினை வழங்குகிறது. கப்பலை வாடகைக்கு எடுப்பதில் இரண்டு வகை உண்டு. கப்பல் உடையவரின் மாலுமிகளே ஓட்ட, அதில் சரக்கு ஏற்றிச் செல்லும் உரிமையை மட்டும் பெறுவது ஒரு வகை. வெறுங்கப்பலைப் பெற்று, தலைவனையும் மாலுமிகளையும் தாமே அமர்த்திக்கொள்வது மற்றொரு வகை. இதற்கே டிமைஸ் என்று பெயர். கடலில் மோதல் நேர்ந்தால் அந்த மாலுமிகளின் பிழைக்கு விடை சொல்லவேண்டியவர் யார் என்ற கேள்விக்கு இவ்வேறுபாடே வழிகாட்டும். டிமைஸ் பெற்றவரே அந்தக் காலத்துக்குக் கப்பலின் உடைமையாளர்போல நிற்கிறார்.

நிற்க. நிலத்துக்கும் கப்பலுக்கும் உரிய இந்தச் சொல் சாவைக் குறிக்கலான வழி, அரண்மனையின் வாயிலாகச் செல்கிறது.

இங்கிலாந்துச் சட்டத்தின்படி அரசன் இறப்பதில்லை. அரசராக இருந்த மனிதர் இறப்பார். அரச பதவி ஒரு நொடியும் வெறுமையாக இராது. ஒருவர் மூச்சு நின்ற கணத்திலேயே அடுத்தவர் அரசர். ஆகவே அரசரின் சாவைச் சட்டம் சாவென்று சொல்லாமல், முடி ஒருவரிடமிருந்து மற்றொருவரிடம் விடப்பட்டது என்று சொல்லிற்று. அதுதான் ‘முடியின் டிமைஸ்’. 1765 முதல் 1769 வரையில் வெளிவந்த தம் பெருநூலில் பிளாக்ஸ்டன் இதை விரித்துரைக்கிறார். அவர் காட்டும் ஓர் உதாரணம் சுவையானது. 1470ஆம் ஆண்டில் நான்காம் எட்வர்டு, பகைவரான லங்காஸ்டர் குலத்தாரால் அரியணையிலிருந்து துரத்தப்பட்டுச் சில மாதங்கள் நாடு கடந்து வாழ்ந்தார். அந்த இடைக்காலத்தையும் சட்டம் அவருடைய டிமைஸ் என்றே குறித்தது. எட்வர்டு மறு ஆண்டே திரும்பிவந்து முடியை மீட்டார். 1483ஆம் ஆண்டுவரை உயிரோடும் இருந்தார்.

இது வெறும் சொல் விளையாட்டு என்று எண்ணிவிடலாகாது. எல்லா வழக்கும் அரசர் பெயரால் நடந்தமையால், பழைய காலத்தில் முடி கைமாறிய அன்றே நீதிமன்றங்களில் நடந்துகொண்டிருந்த வழக்குகள் அனைத்தும் அறுந்து நின்றன. பல ஆண்டுகள் வழக்காடி முடிவை எட்டும் நிலையில் இருந்தவன், தன் பிழை ஒன்றுமின்றி, மீண்டும் அழைப்பாணை வாங்க நிற்கவேண்டும். 1547ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று இந்த இன்னலைப் பெரிதும் நீக்கியது. பாராளுமன்றமும் அப்படியே, அரசர் மறைந்தால் அதுவும் கலைந்துவிடும். 1696ஆம் ஆண்டில்தான் அது மேலும் ஆறு திங்கள் நீடிக்கலாம் என்று விதி செய்தனர். நான்காம் வில்லியம் மறைந்ததை ஒட்டி 1837ஆம் ஆண்டில் நடந்த பொதுத் தேர்தலே இவ்வகையில் கடைசி. 1867ஆம் ஆண்டின் சட்டம் அத்தொடர்பை அறுத்தது. அரசாங்கப் பதவிகள் முடியின் மாற்றத்தால் பாதிக்கப்படா என்று 1901ஆம் ஆண்டில், விக்டோரியா அரசி மறைந்தபின், இயற்றிய சட்டத்தின் பெயரே ‘முடியின் டிமைஸ் சட்டம்’ என்பது.

சாவின்றி டிமைஸ் நேரும் என்பதற்கு மறுக்கமுடியாத சான்றை இருபதாம் நூற்றாண்டே கொடுத்தது. எட்டாம் எட்வர்டு 1936ஆம் ஆண்டு டிசம்பர் 11ஆம் நாள் முடிதுறந்தார். அதற்காக இயற்றிய சட்டத்தில், அவர் அரசராக இருப்பது ஒழிவதோடு முடியின் டிமைஸ் நிகழும் என்று வெளிப்படையாக எழுதியிருக்கிறார்கள். அவருக்கு அப்போது வயது 42. அந்த டிமைஸுக்குப் பிறகு அவர் 35 ஆண்டுக்கு மேல் வாழ்ந்து 1972ஆம் ஆண்டில் இறந்தார். இரண்டாம் எலிசபெத் அரசி 2022ஆம் ஆண்டு செப்டம்பர் 8ஆம் நாள் மறைந்தபோதோ, சாவும் டிமைஸும் ஒரே கணத்தில் நிகழ்ந்தன. ‘குவீன்ஸ் கவுன்சல்’ என்ற பட்டம் பெற்றிருந்த வழக்கறிஞரெல்லாம் அக்கணமே ‘கிங்ஸ் கவுன்சல்’ ஆயினர்.

பெரும்பாலும் அரசர் இறந்தால்தான் முடி கைமாறும். ஆகவே அரசரின் டிமைஸ் என்று கேட்ட மக்கள் அது சாவுக்கு ஒரு மரியாதைப் பெயர் என்று கொண்டுவிட்டனர். பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் அச்சொல் எல்லார் சாவுக்கும் உரியதாகிவிட்டது. இதில் குறை காண நமக்கு உரிமை இல்லை. நாமும் இறந்தார் என்று நேரே சொல்லக் கூசி, காலமானார், இயற்கை எய்தினார் என்கிறோம். அந்த ‘இற’ என்பதும் ஒருகாலத்தில் ‘கட’ என்ற பொருள் தந்த மெல்லிய சொல்தான்; இறந்த காலம் என்பது கடந்த காலமே அன்றி, செத்த காலம் அன்று.

அரண்மனையை விட்டு மீண்டும் நிலத்துக்கு வருவோம். ஆங்கில வழக்கறிக்கைகளில் ‘டோ’ என்ற ஒருவன் ஆயிரக்கணக்கான வழக்குகளில் வாதியாக வருவான். முழுப்பெயர் ஜான் டோ. அவன் பெயருக்குப் பின் ‘டெம்’ என்ற குறுக்கம் இருக்கும். ‘இன்னார் செய்த டிமைஸின்பேரில்’ என்பது அதன் விரிவு. உண்மையில் டோ என்றொருவன் பிறக்கவே இல்லை. நிலத்தின் உரிமையாளர்க்கு உரிய வழக்குமுறை மிக நீண்டது, சிக்கலானது. குத்தகைதாரன் வெளியேற்றப்பட்டால் அவனுக்குக் கிடைத்த வழக்குமுறையோ விரைவானது. எனவே உரிமையாளர் என்ன செய்தார்? ஜான் டோ என்ற கற்பனை மனிதனுக்குத் தம் நிலத்தை டிமைஸ் செய்ததாகவும், அவனை ரிச்சர்டு ரோ என்ற மற்றொரு கற்பனை மனிதன் வெளியேற்றியதாகவும் கதை கட்டினார். டோ வழக்கில் வெல்லவேண்டுமானால் அவனுக்கு விட்டவரின் உரிமையை மெய்ப்பிக்கவேண்டும். அந்த விசாரணையே மெய்யான வழக்கு. கதை பொய் என்பது நீதிபதிக்கும் தெரியும், எதிரிக்கும் தெரியும். பொய்ச்சாட்சி சொன்னவனைச் சிறைக்கு அனுப்பும் அதே மன்றத்தில் இந்தப் பொய் இருநூறு ஆண்டு அளவில் கண்ணியமாக வாழ்ந்தது. 1852ஆம் ஆண்டின் சட்டம் டோவையும் ரோவையும் ஒருங்கே ஓய்வுபெறச் செய்தது. அதற்கு முன்னரே டோ கடல் கடந்து வந்துவிட்டான். கல்கத்தா சுப்ரீம் கோர்ட்டின் பழைய வழக்கறிக்கைகளில், வங்காளத்துச் செல்வர் குடும்பங்களின் பெயர்களோடு அவனும் நிற்பதைக் காணலாம்.

டோ கற்பனை மனிதன். அவன் வந்ததால் எவருக்கும் இங்கே பெருந்தீங்கு இல்லை. ஆனால் டிமைஸ் என்ற வினை சென்னை மாகாணத்துக்கு வந்தபோது, அது மெய்யான மனிதர்களின் மெய்யான நிலத்தின்மேல் விழுந்தது.

மலபார் மாவட்டம் 1800ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தோடு இணைக்கப்பட்டு, 1956ஆம் ஆண்டு வரையில் இங்கேயே இருந்தது. அந்நாட்டில் ‘காணம்’ என்றொரு நில உரிமை உண்டு. ஜன்மி எனப்படும் நிலப்பிரபுவுக்குக் காணக்காரர் ஒரு தொகை கொடுத்து நிலத்தைப் பெறுவார்; அத்தொகைக்குரிய வட்டியைக் கழித்துக்கொண்டு, விளைவில் எஞ்சிய பங்கை ஜன்மிக்கு அளந்துவருவார். தலைமுறை தலைமுறையாக இவ்வாறு நடந்துவந்தது. இது கடனா, குத்தகையா, இரண்டும் கலந்ததா, இரண்டும் அல்லாததா? ஆங்கிலச் சட்டத்தில் இதற்கு நேரான பெயர் இல்லை. நீதிமன்றத் தீர்ப்பு எழுதுவோர் கைக்கு எட்டிய சொல்லை எடுத்தனர். ‘காணம் டிமைஸ்’ என்று எழுதினர். சென்னை உயர் நீதிமன்றத்தின் பழைய தீர்ப்புகளில் இத்தொடர் மிகச் சாதாரணமாக வரும்.

மேலே நான் சொன்ன இலக்கணத்தை நேயர்கள் இங்கே நினைவுகூரவேண்டும். டிமைஸ் என்றால் விட்டவன் ஒருவன் இருக்கிறான். நிலம் முழுதும் அவனுடையது. காலம் முடிந்தால் அவனிடமே மீளும். காணத்துக்குப் பன்னிரண்டு ஆண்டு காலம் என்று நீதிமன்றங்கள் கொண்டன. அது முடிந்ததும் ஜன்மி பணத்தைத் திருப்பிக் கொடுத்துக் காணக்காரரை வெளியேற்றலாம். அல்லது ‘மேல்சார்த்து’ என்ற பெயரில் மூன்றாமவர் ஒருவருக்கு எழுதிக்கொடுத்து, அவரைக்கொண்டு வெளியேற்றலாம். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிப்புக் கட்டணம் கேட்கவும் வழி திறந்தது. பாட்டனும் தந்தையும் வைத்த தென்னையையும் பலாவையும் விட்டுக் குடும்பங்கள் வெளியேறின.

மலபாரில் தொடர்ந்து கலகங்கள் எழவே, நில உரிமைகளை ஆராயும்படி 1881ஆம் ஆண்டில் அரசாங்கம் வில்லியம் லோகன் என்ற அதிகாரியை நியமித்தது. ‘மலபார் மானுவல்’ எழுதியவர் அவரே. அம்மொழி அறிந்தவர். ஜன்மி, காணக்காரர், உழுகுடி என்னும் மூவரும் நிலத்தின் விளைவில் வழக்கப்படி பங்குடையவர்கள்; ஜன்மி ஒருவரே முழு உடைமையாளர் என்பது ஆங்கில ஆட்சியின் மன்றங்கள் கொண்ட தவறான முடிவு என்பது அவர் கருத்து. காணம் என்ற சொல்லைக் ‘காண்’ என்னும் வினையோடு தொடர்புபடுத்தினார் அவர்: நாட்டைக் கண்காணித்துக் காத்தவர்க்கு உரிய பங்கு அது என்றார். காணம் என்பது பொன்னையும் காசையும் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல் என்பதும் நாம் அறிந்ததே. சேர மன்னர் புலவர்க்குக் காணம் பரிசளித்த செய்தி பதிற்றுப்பத்தின் பதிகங்களில் உண்டு. லோகனின் சொல்லாராய்ச்சியை அப்படியே ஏற்க எனக்குத் தயக்கம் இருக்கிறது. காசு கொடுத்துப் பெற்ற உரிமை என்பதே எளிய விளக்கமாகத் தோன்றுகிறது. ஆயினும் அவர் எழுப்பிய கேள்வி சரியான கேள்வி. காணக்காரரின் உரிமை ‘காண்’ என்ற வினையில் பிறந்ததா, ‘விடு’ என்ற வினையில் பிறந்ததா? முதலாவதாயின் அவர் பங்காளி; இரண்டாவதாயின் அவர் காலம் முடிந்தால் எழுந்துபோகவேண்டியவர்.

ஒரு சொல்லே இவ்வளவையும் செய்தது என்று நான் சொல்லவில்லை. மைசூர்ப் படையெடுப்புக்குப் பின் 1792ஆம் ஆண்டில் கும்பினியார் மலபாரை ஏற்றபோதே, ஜன்மிகளை முழு உடைமையாளராகக் கொள்ளும் எண்ணம் தொடங்கிவிட்டது. வரிவசூலுக்கு அது வசதியாகவும் இருந்தது. ஆனால் அந்த எண்ணத்துக்கு ஏற்ற சட்டை ஒன்று ஆங்கிலத்தில் ஆயத்தமாகத் தைத்துக் கிடந்தது. அதை மாட்டியபின் உள்ளே இருந்த உடம்பின் வடிவம் மன்றத்தாருக்குத் தெரியவில்லை. டிமைஸ் என்று எழுதிய பேனா, குத்தகைதாரனுக்கு இங்கிலாந்தில் காவலாக நின்ற அதே வினையை, இங்கே காணக்காரருக்குக் கெடுவைத்த வினையாக ஆக்கிற்று.

பிறகு வந்த சட்டங்கள் ஒவ்வொன்றும் அந்த வினையின் கூர்மையைச் சிறிது சிறிதாக மழுக்கின. வெளியேற்றப்படும் குடி செய்த மேம்பாடுகளுக்கு ஈடு தரவேண்டும் என்று 1887ஆம் ஆண்டின் சட்டம் கூறியது. 1929ஆம் ஆண்டின் மலபார்க் குடிவாரச் சட்டம், காணத்தைப் புதுப்பித்துக்கொள்ளும் உரிமையைக் காணக்காரருக்கு அளித்தது. கேரள மாநிலம் அமைந்தபின் 1963ஆம் ஆண்டில் நிலச்சீர்திருத்தச் சட்டம் இயற்றப்பட்டு, 1969ஆம் ஆண்டில் திருத்தப்பட்டது. அதன்படி 1970ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளில், குத்தகையில் இருந்த நிலங்களின்மேல் ஜன்மிகளுக்கு இருந்த உரிமை அரசாங்கத்தைச் சேர்ந்தது. பயிரிட்டு வந்த குடிகள் அவ்வுரிமையை விலைகொடுத்துப் பெற்றுக்கொள்ளலாயினர். இனிமேல் நிலத்தில் புதிய குத்தகை எதையும் உண்டாக்கலாகாது என்றும், சில விலக்குகள் நீங்கலாக, அச்சட்டத்தின் 74ஆம் பிரிவு விதித்தது.